ஆடிப்போன படம் சொல்லும் வேகம்

பாமன்கடைச் சந்தியில் பொழுதுபடுகிற நேரம் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால், குறுக்கே போன ஓட்டோ இழுபட்ட கோடாக விழுந்திருக்கும். "ஆடிப்போச்சு" என்று உடனே அழித்துவிடுகிறோம். அழிக்காதீர்கள். கூர்மையான படம் வண்டி எங்கே நின்றது என்று மட்டும் சொல்லும். அதன் வேகம் இந்த மங்கலில்தான் இருக்கிறது. கமரா ஒளியை வாங்கிய நேரத்துக்குள் வண்டி கடந்த தூரம்தானே அந்த இழுவை? நம் தெருக்களில் ஓடும் பஜாஜ் ஆர்ஈ ஓட்டோவில் முன்சில்லின் அச்சுக்கும் பின்சில்லின் அச்சுக்கும் இடைத்தூரம் 2 மீற்றர். படத்தில் அது 200 புள்ளி என்றால் ஒரு புள்ளி 1 சென்ரிமீற்றர். இழுவை 20 புள்ளி, ஒளி வாங்கிய நேரம் செக்கனில் 50இல் ஒரு பங்கு என்றால், வேகம் செக்கனுக்கு 10 மீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர். இழுவையின் நீளம் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் கணினி பூரியர் மாற்றத்தால் படத்தை அலைகளாகப் பிரிக்கும். சீரான நகர்வு சில அலைகளை அடியோடு அழித்திருக்கும். அலைகளைக் காட்டும் வரைபடத்தில் அவை சம இடைவெளியில் கருங்கோடுகளாகத் தெரியும். கோடுகள் நெருங்க நெருங்க இழுவை நீளம்.

"ஆடியது வண்டியா, கையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கை ஆடினால் கடைப் பலகையும் மின்கம்பமும் சேர்ந்து இழுபடும், அதைக் கழித்துவிடலாம். இன்னும் அழகான சாட்சி சைக்கிள் சில்லு. உருளும் சில்லு தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் அசைவதில்லை. உச்சியோ வண்டியைப் போல் இருமடங்கு வேகத்தில் போகிறது. ஆகவே கை அசையாத படத்தில் கீழ்க்கம்பிகள் எண்ணக்கூடியதாக இருக்கும், மேற்கம்பிகள் புகையாகக் கலைந்திருக்கும். கீழ்க்கம்பியும் கலைந்திருந்தால் கையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு தடை: இழுவை முன்னே போனதா, பின்னே வந்ததா என்று சொல்லாது. அதை வண்டியின் முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம். பின்னுக்கு எடுத்த வண்டியென்றால் ஏமாந்துபோவோம். அளவிலும் 2 புள்ளி பிசகினால் 36 என்பது 32க்கும் 40க்கும் இடையில் எங்கோ என்றாகிவிடும். ஆதலால் இது தீர்ப்பல்ல, மதிப்பீடு. ஆனால் வெறும் ஊகமும் அல்ல. ஒளி வாங்கிய நேரம் மூலப் படத்தோடு பதிவாகியிருக்கும். வட்ஸ்அப்பில் வந்த பிரதியில் அநேகமாக இராது. அதனால், நேயர்களே, அடுத்த முறை படம் ஆடிப்போனால் மூலத்தை வைத்திருங்கள். முதலில் சில்லின் அடியைப் பாருங்கள்.