முதல்ல விரலைப் பாருங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வைத்தியம் சொல்ல வரல. சுகாதாரப் பயிற்சியில் டாக்டரம்மா சொன்னதையும், ஊரில் கண்ணால் பார்த்ததையும் சொல்றேன். பேசப் போறது முழங்கையில் இருந்து விரல் வரைக்கும். பூ அளக்கிற அந்த ஒரு முழம்தான் நமக்குச் சோறு போடுது.

எங்க தெருவில் ஆறு வயசுப் பையன் ஒருத்தன் கொய்யா மரத்தில் இருந்து கையை ஊன்றி விழுந்தான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிஞ்சுடுச்சு. சின்னப் பிள்ளைகளுக்கு முழங்கைப் பக்கம் அதிகமா முறியுற இடமே அதுதானாம். மூங்கில் தப்பை வச்சு இறுக்கிக் கட்டி, வீட்டுக்குக் கூட்டி வந்துட்டாங்க. ராத்திரி பூரா அழுதான். "முறிஞ்ச கை வலிக்கத்தானே செய்யும்" என்று பெரியவங்க அதட்டித் தூங்க வச்சாங்க. மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப விரல் கருத்துப் போயிருந்தது. எலும்பு கூடிடுச்சு. விரல்தான் மடங்கினபடியே நின்னுடுச்சு. இப்ப ஒன்பதாவது படிக்கிறான், இடது கையால் எழுதுறான்.

அடிபட்ட கை உள்ளே வீங்கும். கட்டு இறுக்கமா இருந்தா வீக்கத்துக்கு இடம் இல்லாம, ரத்த ஓட்டம் நின்னு போகும். எலும்பு கூட வாரக்கணக்கில் ஆகும். ரத்தம் கிடைக்காத தசை கெட்டுப் போக ஆறு மணி நேரம் போதும். அதனால கட்டுப் போட்ட கைக்கு விரல்தான் சாட்சி. விரல் ஜில்லுனு இருக்கா, வெளுத்தோ நீலமாவோ தெரியுதா, மரத்துப் போச்சா, நீட்டி விட்டா உயிர் போற மாதிரி கத்துறானா, நேரம் ஆக ஆக வலி கூடுதா? இதில் ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. துணிக்கட்டா இருந்தா அங்கேயே தளர்த்திட்டு, 108-க்குப் போன் போடுங்க. ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டுக்கும் இதே கணக்குதான். கட்டு வைத்தியரைக் குறை சொல்றதுக்காக இதைப் பேசல.

கையில் அடிபட்டதும் முதல் வேலை வளையல், மோதிரம், கையில் கட்டின கயிறு எல்லாத்தையும் கழட்டுறது. வீங்கின பிறகு இறங்காது. கோயில் கயிறா இருந்தாலும் வெட்டிடுங்க, சாமி கோவிச்சுக்காது. மடிச்ச செய்தித்தாளோ அட்டையோ வச்சு, அசையாம லேசாக் கட்டி, துண்டைக் கழுத்தில் தொங்கவிட்டு அதில் கையைத் தாங்குங்க. எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். முழங்கையை அழுத்தி உருவினா தசைக்குள்ளே எலும்பு வளர்ந்து, மடக்க முடியாமப் போகும்.

கைப்பிள்ளையை ஒரு கையைப் பிடிச்சுத் தூக்கி பஸ்ஸில் ஏத்துறோமே, அதுவும் கூடாது. முழங்கை மூட்டு நழுவிடும். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கணும்.

அடுத்தது நம்ம வலி. முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் குத்தும், டம்ளரைத் தூக்கினாக்கூட சுருக்குங்கும். இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேராம். அந்த மட்டையை நம்மில் யார் தொட்டோம்! போர்வை பிழியுறது, நாள் பூரா கத்தரிக்கோல் பிடிக்கிறது, இதெல்லாம்தான் காரணம். துணியைக் குழாயில் சுத்திப் பிழியுங்க. சாமான் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். வலிக்கிற வேலையைக் கொஞ்ச நாள் மகன்கிட்டயோ வீட்டுக்காரர்கிட்டயோ கொடுங்க. அவங்களுக்கும் கை இருக்கு. மெதுவாத்தான் சரியாகும், மாசக்கணக்கில்கூட ஆகும். ஊசி போட்டா சீக்கிரம் விடும், ஆனா திரும்பி வர வாய்ப்பு அதிகம். 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித் தர்றாங்க, உங்க கிராம நர்ஸைக் கேளுங்க.

போன மாசம் எங்க குழுவில் ஒருத்தி கை முறிவுக்கு உள்கடன் கேட்டா. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அவகிட்ட இல்லை. வருச வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா அட்டை வாங்கலாம், கலெக்டர் ஆபீஸில் எடுக்கிறாங்க. யார்கிட்ட இல்லையோ அவங்க பேரை ஊக்குநர்கள் அடுத்த கூட்டத்தில் எழுதிக்கிட்டு வாங்க, ஒரு வண்டி பிடிச்சு எல்லாரும் சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்.