தாத்தா நிலம் யார் பெயரில் இருக்கிறது?



வழக்கமாக இந்த மேடையில் நான் கேள்வி கேட்பவள். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பழக்கதோஷம் விடவில்லை. முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு நிலத்தின் கிராண்டில் இன்றைய தேதியில் யார் பெயர் இருக்கிறது? பெட்டியில் இருக்கும் காகிதத்தைக் கேட்கவில்லை. நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்கிறேன்.

பதில் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். 2018ஆம் ஆண்டு வரை எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். தோட்டத் துண்டாடலால் நம்மவர்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில், 1962இல், தாத்தாவும் மூன்று கூட்டாளிகளும் காசு சேர்த்து, பத்து வட்டாரத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினார்கள். அதன் ஒரு மூலையில் தாத்தா பலகை வீடு கட்டினார். அவர் 1987இல் காலமானார். அந்த வீட்டில் இன்றும் என் அத்தை குடியிருக்கிறார்.

தாத்தா இறந்த பிறகு பெரியப்பா அந்தப் பழைய காகிதத்தை எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் நில அலுவலகத்துக்குப் போனாராம். "இந்த நிலம் எங்கள் பதிவில் இல்லை" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். நிலம் நம்முடையது இல்லை போலும் என்று குடும்பம் முடிவு கட்டிவிட்டது. முப்பது ஆண்டுகள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2018இல் ஒரு தரகர் அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். "அம்மா, உங்களிடம் பத்திரம் கிடையாது. இருபதாயிரம் வெள்ளி தருகிறேன், காலி செய்துவிடுங்கள்" என்றார். அத்தை அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். "நீ டி.வி.யில வர்ற புள்ள, நாலு பேரைத் தெரியும், ஏதாவது பாரும்மா" என்றார். உண்மையைச் சொல்கிறேன், நிலத்தைப் பற்றி எனக்கு அப்போது அ, ஆ கூடத் தெரியாது.

காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். "முக்கிம் பத்து, கோலாலம்பூர் மாவட்டம், சிலாங்கூர்" என்று இருந்தது. முடிச்சு அங்கேதான். 1974 பிப்ரவரி முதல் தேதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகி சிலாங்கூரிலிருந்து பிரிந்தது. பழைய கோலாலம்பூர் மாவட்டத்தில் சிலாங்கூரோடு தங்கிய பல பகுதிகள் கோம்பாக் மாவட்டம் ஆயின. பத்து முக்கிமும் இரண்டாக வெட்டுப்பட்டது. இன்று கூட்டரசுப் பிரதேசத்திலும் ஒரு பத்து முக்கிம் உண்டு, கோம்பாக்கிலும் ஒரு பத்து முக்கிம் உண்டு. செத்தாப்பாக், உலு கிள்ளான் முக்கிம்களுக்கும் இதே கதைதான். தாத்தாவின் நிலம் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தது. அதனால் பதிவேடு இருந்த இடம் பண்டார் பாரு செலாயாங்கில் உள்ள கோம்பாக் மாவட்ட நில அலுவலகம். பெரியப்பா சரியான கேள்வியைத் தவறான முகப்பில் கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர் சொன்னதும் பொய்யில்லை.

செலாயாங்கில் பணம் கட்டி 'சாரியான் பெர்செண்டிரியான்' செய்தேன். அது நாமாகப் போய்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் தேடல். பதிவாளர் கையொப்பமிட்டுச் சான்றாகக் கொடுப்பது 'சாரியான் ரஸ்மி'. நீதிமன்றம், வங்கி என்று போகும்போது அதைத்தான் வாங்க வேண்டும். நிலம் உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் தேடலாம். நிலப் பதிவேடு மூடி வைக்கப்பட்ட இரகசியம் அல்ல.

ஆனால் சரியான எண் வேண்டும். தாத்தாவின் காகிதம் 'இ.எம்.ஆர்.', அதாவது பழைய முக்கிம் பதிவேட்டின் பிரதி. 1966 ஜனவரி முதல் தேதி தேசிய நிலச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகு அந்த வகை நிலங்கள் 'கெரான் முக்கிம்' போன்ற பெயர்களுக்கு மாறின. எங்கள் காகிதத்தில் இருந்த உரிமை எண் ஒன்று, கணினியில் இருந்தது வேறொன்று. மாறாமல் இருந்தது லாட் எண். ஆகவே மாநிலம், மாவட்டம், முக்கிம், லாட் எண் ஆகிய நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் அளக்கப்படாத நிலமாக இருந்தால் லாட் எண் இருக்காது. 'ஹக்மிலிக் செமெந்தாரா' என்ற தற்காலிக உரிமையும் 'பி.டி.' எண்ணும்தான் இருக்கும்.

தேடல் தாள் கைக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் கூடிப் படித்தோம்.

முதலில் சித்தப்பா பதறினார். "ரெண்டுன்னு இருந்தது 0.8 ஆயிடுச்சே, பாதிக்கு மேல யாரோ எடுத்துட்டானா?" ஒன்றும் குறையவில்லை. பழைய காகிதம் ஏக்கர், ரூட், போல் கணக்கில் இருந்தது. இப்போது ஹெக்டர் கணக்கு. இரண்டு ஏக்கர் என்பது 0.81 ஹெக்டர்.

அடுத்து தாத்தாவின் பெயர். பதிவேட்டில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் ஒன்று, மரணச் சான்றிதழில் இன்னொன்று! தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள்தானே நம் தாத்தா பாட்டிகளின் பெயர்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகுதான் பெரிய செய்தி. அத்தை வீடு இருக்கும் மூலை எங்களுடையது என்று நம்பிக்கொண்டிருந்தோம். பதிவேட்டில் மூலை எதுவும் இல்லை. "4இல் 1 பங்கு" என்றுதான் இருந்தது. இரண்டு ஏக்கர் முழுவதிலும் கால் பங்கு. பிரித்துத் தனிக் கிராண்டு வாங்கலாமே என்றேன். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் குறைவான துண்டாகப் பிரிக்கச் சட்டம் இடம் தராது என்றார்கள். எங்கள் பங்கு அதில் பாதிதான்.

கடைசியாக நில வரி. தாத்தாவின் முகவரியாகப் பதிவேட்டில் இருந்தது தோட்டத்து லயம். அந்த லயத்தை இடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நில வரி கட்டாமல் விட்டால் '6ஏ' நோட்டீஸ் வரும். மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். அந்த நோட்டீஸ் இல்லாத லயத்துக்குப் போயிருந்தால் யார் படித்திருப்பார்கள்? எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் பாக்கி ஒரு காசு இல்லை. விசாரித்தோம். தாத்தாவின் கூட்டாளிகளில் ஒருவர் காய்கறி வியாபாரம் செய்த சீனர். அவருக்குப் பின் அவர் மகன் முப்பது ஆண்டுகளாக நான்கு பேருக்கும் சேர்த்து வரி கட்டி, ரசீதுகளை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். "நான் கட்டலன்னா எல்லார் நிலமும்தானே போகும்" என்றார். அந்த மனிதருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நேயர்களே, இதில் ஒரு பாடமும் இருக்கிறது. அத்தனை ரசீது வைத்திருந்தும் எங்கள் பங்கு அவருடையது ஆகவில்லை. வரி கட்டுவதால் ஒருவர் உரிமையாளர் ஆவதில்லை. நில வரி நில அலுவலகத்துக்கு. வீட்டு வரி, அதாவது 'சுக்காய் பிந்து', நகராண்மைக் கழகத்துக்கு. தண்ணீர், மின்சார பில் இன்னொருவருக்கு. இவை எதுவும் கிராண்டு ஆகாது. 'டி.ஓ.எல்.' என்ற தற்காலிகக் குடியிருப்பு லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அது டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. அரசாங்க நிலத்தில் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது என்று நிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நம் மக்கள் எத்தனை பேர் கைநாட்டுக் காகிதத்தை நம்பி இப்படிப்பட்ட வீட்டை வாங்கி ஏமாந்திருக்கிறார்கள்!

பதிவேட்டுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? நாம் பின்பற்றுவது டோரன்ஸ் முறை. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்தது. சிலாங்கூருக்கு 1891லேயே வந்துவிட்டது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்பது அதன் அடிப்படை.

பதிவேட்டிலேயே ஒருவன் மோசடி செய்துவிட்டால்? பினாங்கில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்துப் பெண்மணியின் நிலத்தை, நான்தான் அவர் என்று ஆள்மாறாட்டம் செய்து வேறொருத்தி விற்றுவிட்டாள். தெரியாமல் வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் சொந்தம் என்று 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடே அதிர்ந்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்று 2010 ஜனவரியில் டான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் திருத்திக்கொண்டது. அந்த வழக்கில் குவாந்தானில் உள்ள நிலத்தைப் போலிப் பத்திரம் மூலம் வங்கியில் அடகு வைத்திருந்தார்கள். உரியவருக்கு விவரம் தெரிந்ததே வங்கி கடிதம் அனுப்பிய பிறகுதான். 1985இல் வந்த கடிதத்துக்கு 2010இல் நீதி. கால் நூற்றாண்டு! அவ்வப்போது ஒரு தேடல் செய்து பார்த்தால் இத்தகைய மோசடி சீக்கிரம் வெளிச்சத்துக்கு வரும்.

தேடல் தாளில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். 'ஷரத் ஞாத்தா' என்ற இடத்தில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று இருக்கும். 'செகாத்தான் கெப்பெந்திங்கான்' என்ற இடத்தில் விற்கத் தடை உண்டா, அனுமதி வேண்டுமா என்று இருக்கும். குத்தகை நிலம் என்றால் எந்த ஆண்டு முடிகிறது, மலாய் ரிசர்வ் நிலமா, வங்கிக் கடன் இருக்கிறதா, கேவியட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனியார் கேவியட் ஆறு ஆண்டுகள் நிற்கும். முன்பணம் கொடுத்த பிறகு இதையெல்லாம் பார்த்து என்ன பயன்?

உரிமையாளர் இறந்திருந்தால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் நிலமும் இருந்தால், 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 2009 முதல் இருபது லட்சம் வெள்ளியாக இருந்த மதிப்பு வரம்பு 2024இல் ஐம்பது லட்சமாக உயர்ந்தது. 'சிறு' என்ற சொல்லைப் பார்த்து நமக்கில்லை என்று நினைக்காதீர்கள்.

விசாரணைக்குப் போகும் முன் அத்தை என்னிடம் கேட்டார். "நான் பொண்ணாச்சே, அப்பா சொத்துல எனக்கு ஏதும்மா?" அதிகாரி பொறுமையாக விளக்கினார். 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தில் மகன், மகள் என்ற பேதம் இல்லை. பாட்டி முன்பே இறந்துவிட்டதால் நான்கு பிள்ளைகளுக்கும் சமபங்கு. 2021இல் அத்தையின் பெயர் பதிவேட்டில் ஏறியது. பதினாறில் ஒரு பங்கு. சின்னப் பங்குதான். அந்த மூலைக்குத் தனிக் கிராண்டும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் அவர் பங்கை இனி யாரும் விற்க முடியாது. தரகர் மறுபடி வந்தபோது அத்தை அழவில்லை. தேடல் தாளின் பிரதியை எடுத்துக் காட்டினார்.

அன்பர்களே, இந்த வாரம் பெட்டியைத் திறங்கள். மாவட்டத்தையும் முக்கிமையும் லாட் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த நிலம் இன்று எந்த நில அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிப் போய்த் தேடுங்கள். உங்கள் முகவரி மாறியிருந்தால் அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். தாத்தாவின் கூட்டாளிகள் யார், எந்தப் பெயரில் வாங்கினார்கள் என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.