ஆயில் இறக்க வால்வு: நம் மலை வண்டிகளுக்கு ஒத்துவருமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



வண்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலர் சில மாதங்களாக ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறார்கள். "இன்ஜின் ஆயிலை இறக்க அடியில் இருக்கும் போல்ட்டுக்குப் பதிலாக ஒரு வால்வு வருகிறதாமே, போடலாமா? காசுக்குத் தகுமா?" சங்கத்தில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொருளை விற்பதும் என் வேலை இல்லை, வேண்டாம் என்று பயமுறுத்துவதும் என் வேலை இல்லை. நன்மை தீமை இரண்டையும் சொல்கிறேன். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை நம் மெக்கானிக்குகள் சேம்பர் என்பார்கள். அதன் அடியில் ஒரு டிரெயின் போல்ட் இருக்கும். ஸ்பேனர் போட்டு அதைக் கழற்றினால் பழைய ஆயில் இறங்கிவிடும். வாஷரை மாற்றி, போல்ட்டைத் திரும்ப முடுக்கி, மேலே புது ஆயில் ஊற்றுவோம். காலம் காலமாக நடப்பது இதுதான்.

இந்த போல்ட் இருக்கும் இடத்தில் நிரந்தரமாகத் திருகிவைக்கும் சின்னக் குழாய்தான் இந்த வால்வு. ஜப்பானின் ஃபுமோட்டோ வால்வு ஒரு வகை. அதன் உள்ளே துளையிட்ட உலோக உருண்டை இருக்கும். வெளியே உள்ள கைப்பிடியைத் தூக்கிக் கால் சுற்று திருப்பினால் ஆயில் வரும். தானாகத் திறந்துவிடாதபடி ஸ்பிரிங்கும் பள்ளமும் கைப்பிடியைப் பிடித்திருக்கும். ஜெர்மனியின் ஸ்டால்பஸ் இன்னொரு வகை. அதில் கைப்பிடி கிடையாது. மூடியைக் கழற்றி, ஓஸ் மாட்டிய இணைப்பைத் திருகினால்தான் உள்ளே வழி திறக்கும். சிறிய விமானங்களின் இன்ஜின்களிலும் பெரிய டீசல் இன்ஜின்களிலும் இப்படிப்பட்ட வால்வுகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே இது புதுப் பொருளும் அல்ல, பொம்மையும் அல்ல.

என்ன லாபம்?

ஒன்று, மரை பிழைக்கும். இப்போது வரும் பல வண்டிகளில் சேம்பர் அலுமினியம். அவசரத்தில் போல்ட்டைக் கோணலாக ஏற்றினாலோ, பலம் காட்டி முடுக்கினாலோ மரை போய்விடும். பிறகு புது மரை போட வேண்டும், இல்லையென்றால் சேம்பரையே மாற்ற வேண்டும். வால்வை ஒருமுறை சரியாகப் போட்டுவிட்டால் அந்த மரையைத் திரும்பத் தொடும் வேலை இல்லை.

இரண்டு, கை சுடாது. இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் ஆயில் நன்றாக இறங்கும். போல்ட்டின் கடைசிச் சுற்றை விரலால் கழற்றும்போது அந்தச் சூட்டு ஆயில் கையில் வழியும். பழைய ஆயில் அடிக்கடி தோலில் படுவதும் உடம்புக்கு நல்லதல்ல.

மூன்று, நம் ஊருக்கு இதுதான் முக்கியம். ஓஸ் மாட்டும் முனை உள்ள வால்வாக இருந்தால், பழைய ஆயிலை நேராகக் கேனுக்குள் இறக்கலாம். தரையில் ஒரு சொட்டும் விழாது.

என்ன நஷ்டம்?

ஆயில் மெதுவாக இறங்கும். வால்வின் உள் துளை போல்ட்டின் துளையைவிடக் குறுகியது. விட்டம் பாதியானால் வழியின் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். மார்கழிக் குளிரில் கெட்டியாகிக் கிடக்கும் ஆயிலை இறக்க நினைத்தால் டீ குடித்துவிட்டு வரவேண்டியிருக்கும். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு இறக்குவது நல்லது.

சில வண்டிகளில் வால்வின் மேல் முனை சேம்பருக்குள் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்புக்குக் கீழே கொஞ்சம் பழைய ஆயிலும் கசடும் தங்கிவிடும். ஒருமுறைக்கு இது பெரிதில்லை. ஆனால் சேம்பரின் அடியில் தங்குவதுதான் இருப்பதிலேயே அழுக்கான பகுதி என்பதை நினைவில் வையுங்கள்.

ஆயில் ஃபில்டரை மாற்றுவதற்கு எப்படியும் கழற்றிப் பூட்டும் வேலை இருக்கிறது. பல வண்டிகளில் அதற்காக அடியில் படுத்தே ஆக வேண்டும். "இனி வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் அது பாதி உண்மைதான்.

அடுத்தது உத்தரவாதம். வாரண்டி முடியாத வண்டியில் வெளிப்பொருளைப் பொருத்திய பிறகு ஆயில் கசிந்து இன்ஜின் கெட்டால், நிறுவனத்தோடு வாதாடுவது சுலபமில்லை. வாங்கும் முன் சர்வீஸ் மையத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் சாலையை வைத்துப் பாருங்கள்

இதுவரை சொன்னது சென்னைக்கும் மதுரைக்கும் பொருந்தும். இனிச் சொல்வது வட்டக்கானலுக்கு.

போல்ட்டின் தலை சேம்பரோடு ஒட்டி இருக்கும். வால்வு அதைவிடக் கீழே இறங்கித் தொங்கும். அந்த ஒன்றிரண்டு அங்குலம் சமவெளித் தார்ச்சாலையில் ஒரு பொருட்டே அல்ல. நம் சாலையில் மழைக்குப் பிறகு கல் பெயர்ந்து கிடக்கும். எதிரே வண்டி வந்தால் ஓரத்துப் பள்ளத்தில் சக்கரத்தை இறக்கித்தான் வழிவிட வேண்டும். வீட்டுக்கு இறங்கும் மண் பாதைகளில் நடுவே மேடு நிற்கும். சேம்பர் தட்டும் இடங்கள் எவை என்று ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கல் ஒன்று வால்வின் கழுத்தில் பலமாக அடித்தால் என்ன ஆகும்? ஆயில் முழுவதும் சிறிது நேரத்தில் கொட்டிவிடும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து உடனே நிறுத்தினால் இன்ஜின் பிழைக்கலாம். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் இறுகிப்போகும். வத்தலக்குண்டு மலைப்பாதையின் இறக்கத்தில் அப்படி நின்றால் பிரச்சினை இன்ஜினோடு முடியாது. இன்ஜின் ஓடாவிட்டால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பூஸ்டரின் உதவியும் போய்விடும். கொண்டை ஊசி வளைவில் அந்த நிலையை நினைத்துப் பாருங்கள்.

சேம்பர் தாழ்வாக இருக்கும் வண்டியில் வால்வு போடுவதானால் அடியில் இரும்புத் தகடு கட்டாயம். தகடு போட இடமில்லை என்றால் வால்வும் வேண்டாம்.

அப்படியானால் யாருக்குத் தகும்?

வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் சொந்தக் கார்: தேவையில்லை. வால்வுக்குக் கொடுக்கும் பணத்தில் பல வருடங்களுக்கு நல்ல வாஷர் வாங்கலாம். போல்ட்டை முதலில் கையால் சில சுற்று ஏற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் டார்க் ரென்ச்சால் முடுக்கச் சொல்லுங்கள். மரை போகாது.

மோட்டார் சைக்கிள்: வேண்டவே வேண்டாம். போல்ட் தரைக்கு மிக அருகில், முன் சக்கரம் எறியும் கல்லுக்கு நேராக இருக்கிறது. ஆயில் கசிந்தால் அது பின் சக்கரத்தில்தான் போய்ப் படும்.

சுற்றுலா ஜீப்பும் காய்கறி ஏற்றும் பிக்கப்பும்: யோசிக்கலாம். ஓட்டம் அதிகம் என்பதால் ஆயிலும் அடிக்கடி மாறும். போல்ட் சேம்பரின் பக்கவாட்டில் இருந்தாலோ, அடித்தகடு இருந்தாலோ, வால்வு உண்மையிலேயே உழைப்பை மிச்சப்படுத்தும். கைப்பிடி வெளியே தெரியும் வகையைவிட மூடி போட்ட வகை நம் சாலைக்குப் பாதுகாப்பு.

ஜெனரேட்டர்: இதற்குத்தான் என் முழு ஆதரவு. அது நின்ற இடத்தில் நிற்கிறது, கல் அடிக்கப் போவதில்லை. மின்சாரம் போனால் தங்கும் விடுதிகளில் மணிக்கணக்காக ஓடுகிறது. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்களில் முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறையும் ஆயில் மாற்ற வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. போல்ட்டைக் கழற்றினால் ஆயில் அடித்தட்டில் வழிந்து தரைக்குத்தான் போகிறது. வால்வும் ஒரு முழம் ஓஸும் போட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

வால்வு வாங்குபவர்களுக்கு நான்கு வார்த்தை. உங்கள் வண்டியின் மரை அளவைக் கையேட்டில் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் கண்ணளவை நம்பாதீர்கள். பெயர் தெரியாத மலிவு நகல் வேண்டாம். மிச்சமாகும் நூறு ரூபாய்க்கு இன்ஜினைப் பணயம் வைக்கக் கூடாது. பொருத்திய மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய போல்ட்டைத் தூக்கி எறியாமல் வண்டியிலேயே வைத்திருங்கள்.

இறக்கிய ஆயில் எங்கே போகிறது?

வால்வைப் பற்றி இவ்வளவு பேசியதன் உண்மையான காரணம் இதுதான். போல்ட்டோ வால்வோ, இறங்கும் ஆயில் ஒன்றுதான். சிறிய காரில் மூன்று லிட்டருக்கு மேல் வரும். டீசல் ஜீப்பில் அதைப்போல இரண்டு மடங்கு வரை வரும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் மக்களுக்குச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஒருமுறை ஆயில் மாற்றும்போது வெளியேறும் பழைய ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது. நாம் சரிவில் குடியிருக்கிறோம். மேல் வீட்டில் மண்ணில் ஊற்றியது மழையோடு கீழ் வீட்டின் ஊற்றுக்கு வரும். நமக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தப் பாம்பார் தண்ணீர்தான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியில் விழுகிறது. அங்கே குடும்பத்தோடு குளிப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது. நாம் கொட்டுவது மட்டும் அவர்களைப் போய்ச் சேரும்.

கோடைக்கானலுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2001-இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு கிடந்தது தெரியவந்து, மக்கள் திரண்டு, அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் வந்தது. பாதரசமும் இன்ஜின் ஆயிலும் ஒன்றல்ல. ஆனால் "கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொட்டினால் போய்விடும்" என்ற நினைப்பு ஒன்றுதான். மலையில் எதுவும் போய்விடாது, கீழே இறங்கும், அவ்வளவுதான்.

"நான் கொட்டுவதில்லை, சென்ட்ரிங் பலகைக்குக் கொடுக்கிறேன், வேலிக் கம்பத்துக்குக் கரையான் வராமல் பூசுகிறேன்" என்று சிலர் சொல்வீர்கள். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பூசிய ஆயிலும் மழையில் கழுவிப் போய் அதே ஓடையில்தான் சேர்கிறது. விறகு பற்றவைக்க ஊற்றுவது அதைவிடக் கெடுதல். அந்தப் புகையில் உலோகத் துகள்களும் வரும்.

சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் விதிகள் பழைய ஆயிலை அபாயகரமான கழிவாக வகைப்படுத்தியுள்ளன. சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த அனுமதி பெற்றவர்களிடம்தான் அது போக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு வந்திருக்கிறது. தாங்கள் விற்கும் அளவில் ஒரு பங்கு மறுசுழற்சிக்குப் போவதை அவர்கள் உறுதிசெய்ய வேண்டும். ஆகவே வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. ஆனால் ஒரு வீட்டின் மூன்று லிட்டருக்காக யாரும் மலை ஏறி வரமாட்டார்கள். ஊர் முழுவதும் சேர்த்து ஒரு பேரல் நிறைந்தால் வருவார்கள்.

சங்கத்துக்கு என் யோசனை

மூன்று காரியம் செய்யலாம். மூடியுள்ள ஒரு பேரலை, மழை படாத கூரையின் கீழ், சிந்தினால் தாங்கும் தட்டின் மேல் வைக்கலாம். அகலமான ஒரு டிரெயின் தட்டும், புனலும், ஓஸும், ஒரு டார்க் ரென்ச்சும் பொதுவில் வாங்கி, கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகும்படி வைக்கலாம். பேரல் நிறைந்ததும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ளவரா என்று காகிதம் பார்த்து ஒப்படைக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. பழைய ஆயிலில் தண்ணீர், பெட்ரோல், பெயின்ட், பிரேக் ஆயில் எதையும் கலக்காதீர்கள். கலந்ததை வாங்கமாட்டார்கள். புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி, மூடியை இறுக்கிக் கொண்டுவந்து கொடுங்கள். பழைய ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்துவைத்து, வடிந்த ஆயிலையும் அதிலேயே சேருங்கள். சர்வீஸுக்கு வெளியே விடுபவர்கள், "பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது வண்டிக்கு ஒழுங்கு வந்துவிடும்.

வால்வு வாங்குவது உங்கள் விருப்பம். ஜெனரேட்டருக்கு வாங்குங்கள், ஜீப்புக்கு யோசித்து வாங்குங்கள், காருக்கும் பைக்குக்கும் விட்டுவிடுங்கள். கேன் மட்டும் எல்லோருக்கும் கட்டாயம் என்று வைத்துக்கொள்வோம். பேரல் வைக்க இடம் தரக்கூடியவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் சொல்லுங்கள்.