கடத்தப்பட்ட பள்ளிப் பிள்ளைகளும் வான்படையும்



ஜார்ஜ்டவுன் கடற்கரையில் நின்றால் நீரிணைக்கு அக்கரையில் தெரிவது பட்டர்வொர்த். பிரிட்டிஷார் 1941இல் தொடங்கி, 1958 முதல் ஆஸ்திரேலியர் நடத்திய அங்குள்ள விமானதளம் 1988இல் மலேசியாவின் கைக்கு வந்தது. மூன்று தலைமுறையாக விமான இரைச்சலைக் கேட்டுப் பழகிய ஊரில்தான் இந்த மாநாடு கூடியிருக்கிறது. கடத்தப்பட்ட பள்ளிப் பிள்ளைகளை உயிரோடு மீட்க வான்படையால் என்ன முடியும் என்பதே இதன் பொருள்.

2014 ஏப்ரல் 14 இரவு, நைஜீரியாவின் சிபோக் பள்ளி விடுதியிலிருந்து 276 மாணவிகளை போகோ ஹராம் தீவிரவாதக் குழு கடத்திச் சென்றது. 57 பேர் தப்பி வந்தனர். மற்றவர்களைத் தேட, அண்டை நாடான சாடிலிருந்து அமெரிக்கா ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டது. பிரிட்டன் சென்டினல் உளவு விமானத்தை அனுப்பியது. கடத்தியவர்கள் பதுங்கிய சம்பிசா காட்டுக்கு மேல் மணிக்கணக்கில் வட்டமிடும் கேமராவுக்கு, மரத்தடியில் ஒரு கூட்டம் இருப்பது தெரியக்கூடும். அகச்சிவப்புத் திரையில் மனித உடல் வெறும் வெப்பப் புள்ளி. அந்தப் புள்ளி சிறுமியா, துப்பாக்கியோடு காவல் நிற்பவனா என்பதை எந்த விமானி உறுதியாகச் சொல்வார்?

அந்த மே மாதமே நைஜீரியப் பாதுகாப்புப் படைத் தலைவர் அலெக்ஸ் படே, மாணவிகள் இருக்குமிடம் தெரியும், ஆனால் பலத்தைப் பயன்படுத்த முடியாது என்று வெளிப்படையாகக் கூறினார். படே வான்படையிலேயே வளர்ந்த அதிகாரி. அதனால் அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். 2016 அக்டோபரில் 21 பேரும், 2017 மே மாதத்தில் 82 பேரும் விடுதலையானது பேச்சுவார்த்தையால். செஞ்சிலுவைச் சங்கம் நடுவில் நின்றது.

தமிழர்களுக்கு இதில் ஆறாத காயம் ஒன்று உண்டு. 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனத்தில் இலங்கை விமானப்படை குண்டு வீசியது. அந்த இடம் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அங்கே படைமுகாமின் அடையாளம் எதையும் காணவில்லை. இறந்தவர்கள் மாணவிகள் என்றது யுனிசெஃப். புலிகள் சிறாரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் அதே யுனிசெஃப் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்திருந்தது. அப்படிப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையே ஒரு முகாமில் இருந்தாலும், அவளுக்கும் அந்தக் குண்டு மீட்பாகாது.

வான்படைக்கு வேலையே இல்லை என்பதல்ல. மலாயா அவசரகாலத்தில், 1950 முதல், டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்கள் காட்டுக்குள் இறங்கிக் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தன. நடந்தால் நாள்கணக்காகும் பாதை, சில நிமிடப் பறப்பாகச் சுருங்கியது. இடத்தைக் கண்டறிவதிலும் மீண்டவர்களை மருத்துவரிடம் விரைந்து சேர்ப்பதிலும் அந்த வலிமைக்கு ஈடில்லை.

ஆகவே இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும், எத்தனை முறை விமானம் பறந்தது என்ற கணக்குக்கு முன், எத்தனை பிள்ளைகள் உயிரோடு வீடு திரும்பினர் என்ற கணக்கை வைக்க வேண்டும் என்று இந்தத் தலைமை கேட்டுக்கொள்கிறது.