இதயத்தை அளக்கும் கண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இதயத்தைப் பற்றிப் பாடிய புலவர் பலர். அதனை அளப்பவரைப் பற்றிப் பேசினோர் சிலரே. எக்கோ சோதனைக் கூடத்தில் இளைஞர்களைப் பழக்கும் பணியில் ஈடுபட்டுள்ள நாங்கள், அப்பணியின் அருமையையும் இடரையும் தங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

1953-ஆம் ஆண்டில், ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில், எட்லர் என்னும் மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்னும் இயற்பியலாரும், உலோகத்தின் உள்வெடிப்பைக் கண்டறியும் கருவியை மனித மார்பில் வைத்து இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியால் இதயத்தைக் காணும் கலை அதிலிருந்தே வளர்ந்தது. இன்று கணிப்பொறி தானே கோடு வரைந்து அளவு சொல்லுகின்றது. ஆயினும் அக்கோடு சரியா எனத் தீர்ப்பது பயின்ற கண்ணே அன்றோ?

"பம்பிங் எவ்வளவு?" என்று எல்லோரும் கேட்கின்றோம். இடது கீழறையில் நிறைந்த குருதியில், ஒரு துடிப்பில் எத்தனை பங்கு வெளியேறுகின்றது என்பதே அவ்வெண். ஆடவர்க்கு நூற்றுக்கு 52 முதல் 72 வரையிலும், பெண்டிர்க்கு 54 முதல் 74 வரையிலும் இயல்பு என்பர். மருந்துண்ட பின்னரும் 35-க்கு மேல் எழாவிடின், மார்பில் அதிர்வூட்டும் கருவி பொருத்துவது பற்றி மருத்துவர் சிந்திப்பர்.

ஒருமுறை, ஒரே படத்தை இரு மாணாக்கரிடம் தனித்தனியே கொடுத்தோம். ஒருவர் 44 என்றார். மற்றவர் 34 என்றார். இருவரும் உழைப்பாளிகளே. அறை மிகச் சுருங்கிய கணத்தில் முன்னவர் படத்தை நிறுத்தினார்; பின்னவர் அதற்குச் சற்று முன்னரே நிறுத்திவிட்டார். நொடியின் ஒரு சிறு கூறு, ஒரு குடும்பத்தின் உறக்கத்தையே கெடுத்திருக்கும்!

மற்றொன்று கேளுங்கள். அயோர்ட்டா வால்வு சுருங்கியவர்க்கு, அதன் கீழுள்ள குருதிப் பாதையின் குறுக்களவை எடுத்து வால்வின் பரப்பைக் கணக்கிடுகின்றோம். குறுக்களவு கணக்கில் இருமடிப் பெருக்கமாக வருவதால் பிழையும் பெருகும். குருதி வேகங்களின் விகிதம் 0.35 ஆயின், குறுக்களவு 2.0 சென்டிமீட்டர் எனில் பரப்பு 1.10 சதுர சென்டிமீட்டர், 1.8 எனில் 0.89. பரப்பு 1.0-க்குக் கீழ் இறங்கின் கடுஞ்சுருக்கம் என்பது வழக்கு. இரண்டு மில்லிமீட்டர் தவறினால், காத்திருக்கத் தக்கவர் அறுவைக்குரியவர் ஆகிவிடுவார்.

ஆகவே, பயிற்சியில் ஒழுங்குமுறை வேண்டும். முதலில், இதயத்தின் நுனி குறுகித் தோன்றாத படத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்பிக்கின்றோம். பின்னர், கண்ணால் மதித்த எண்ணை எழுதி வைத்துவிட்டே அளக்கச் செய்கின்றோம். இரண்டும் வெகுவாக வேறுபடின் மறுபடியும் பார்க்க வேண்டும். துடிப்பு சீராயின் மூன்று துடிப்புகளின் சராசரி. சீரற்றதாயின் இன்னும் பல. சில நாட்கள் கழித்து, பெயரை மறைத்து, அதே படத்தை மீண்டும் அளிக்கின்றோம். தன்னோடு தானே ஒத்துப்போகாதவர் பிறரோடு ஒத்துப்போவது எங்ஙனம்?

ஒரு மாணாக்கர் எப்போதும் எட்டுப் புள்ளி கூட்டியே எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய எண்கள் ஆசிரியரின் எண்களோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஆயினும் அனைத்தும் பிழையே. சேர்ந்து நடப்பது வேறு, ஒத்திருப்பது வேறு என்பதை பிளாண்ட், ஆல்ட்மன் என்னும் அறிஞர் இருவர் 1986-இல் தெளிவாக விளக்கினர். ஆதலின், ஒவ்வொரு படத்திலும் வேறுபாடு எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒருங்கே அமர்ந்து, பிழையின் காரணத்தை ஆராய்கின்றோம். "படம் தெளிவில்லை, அளக்க இயலாது" என்று எழுதும் துணிவையும் கற்பிக்கின்றோம். இளைஞர்க்கு மிகக் கடினமான பாடம் அதுவே.

அன்பர்களே! ஊரிலிருந்து வரும் பெற்றோர் அங்கே 58 என்ற அறிக்கையும் இங்கே 54 என்ற அறிக்கையும் பெற்றால், கலங்காதீர்கள். அளவின் இயல்பான ஏற்றத்தாழ்வாகவும் அது இருக்கலாம். ஆனால், பழைய அறிக்கையையும், கிடைக்குமாயின் படப்பதிவையும் தவறாது கொண்டு வாருங்கள்; இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு மருத்துவரை வேண்டுங்கள். எண்ணுக்குப் பின்னால் ஒரு கை உண்டு. அக்கை பழகிய கையாக இருத்தல் வேண்டும் என்பதே எங்கள் கவலையும் கடமையும் ஆகும்.