வரி கோட்டைக்கு, குப்பை ஊருக்கு



முகூர்த்த நாள் காலையில் திருக்கடையூர் சன்னதித் தெருவில் நின்று வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிஎன் 82 நம் மயிலாடுதுறை. அன்றைக்கு அதைத் தேடத்தான் வேண்டியிருக்கும். 49 தஞ்சாவூர், 68 கும்பகோணம், பிஒய் 02 காரைக்கால், நடுவே கேஏ என்று பெங்களூர்க் கார்கள், சென்னையிலிருந்து ராத்திரியோடு கிளம்பி வந்த வேன்கள். அறுபதாம் கல்யாணம், எண்பது வயதுக்குச் சதாபிஷேகம். அபிராமியைக் கும்பிட்டு, பந்தியில் சாப்பிட்டு, சாயங்காலத்துக்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். எச்சில் இலையும் மாலையும் தண்ணீர் பாட்டிலும் இங்கேயே தங்கிவிடுகின்றன. அள்ளுகிறவர் ஊராட்சியின் தூய்மைக் காவலர்.

வந்தவர்கள் வரி கட்டாதவர்கள் இல்லை. 2023 நவம்பரில் தமிழக அரசு கார்களுக்கான ஆயுள் வரியை உயர்த்தியது. 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். நல்ல தொகைதான். அது முழுவதும் போய்ச் சேருவது மாநிலக் கஜானாவுக்கு. கார் எந்தெந்த ஊர்த் தெருவில் நின்றது என்று கஜானா கேட்பதில்லை.

இது ஆதியிலிருந்தே இப்படி இல்லை. மோட்டார் வந்த புதிதில், ஜில்லா போர்டும் முனிசிபாலிட்டியும் தங்கள் எல்லைக்குள் வண்டிகளுக்கு வரி போட்டன, சுங்க கேட் வைத்து வசூலித்தன. பஸ் முதலாளிக்கு இது பெரிய தொல்லை. கேட்டுக்கு கேட் நிறுத்திக் காசு கொடுத்தாக வேண்டும். 1931-ல் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. சுங்கம் ஒழிந்தது, மோட்டார் வரி மாகாண அரசின் கைக்குப் போனது. வருமானம் இழந்த ஸ்தல ஸ்தாபனங்களுக்கு நஷ்டஈடு தருவதாக ஏற்பாடு. ஒரே வரி, ஒரே இடத்தில் வசூல் என்பதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதுவரை தானே வசூலித்துத் தானே செலவழித்தவர், அன்றுமுதல் மேலிடத்திலிருந்து அளந்து போடுவதை வாங்கிக்கொள்கிறவர் ஆனார். அளக்கிற கை எப்போது சுருங்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

சொந்தக் காசு கையில் இருந்தபோது இதே சீமை என்ன செய்தது தெரியுமா? மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-ல் ரயில் ஓடியது. அந்தப் பாதையைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு! நிலத்தின்மேல் செஸ் விதித்துச் சேர்த்த பணம். நெல் விற்ற காசில் ரயில் விட்டிருக்கிறார்கள். (திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்குப் போன ரயில் வேறு; அது 1926-ல் தென்னிந்திய ரயில்வே போட்டது, 1986-ல் நின்றுபோனது. அதற்குப் பிறகு கல்யாண கோஷ்டி முழுவதும் ரோட்டு வழிதான்.)

மோட்டார் வரி கைவிட்டுப் போன பிறகு ஊராட்சிக்கு மிஞ்சியது சைக்கிளும் மாட்டு வண்டியும். சைக்கிளுக்கு வரி கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்பார்கள். அதைக் கம்பி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவோம். வில்லை இல்லாமல் பிடிபட்டால் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். இப்போது யாரிடமும் வில்லை இல்லை.

இங்கே மோட்டார் வரி கைமாறிய அதே காலத்தில், ஏறக்குறைய இதே கதை அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் நடந்தது. 1935-ல் வண்டிகளின்மேல் உள்ளூர் போட்டுவந்த சொத்து வரியை எடுத்துவிட்டு, மாநிலமே வாகன உரிமக் கட்டணம் வசூலித்து நகரங்களுக்குக் கொடுப்பது என்று முடிவானது. பல வருஷம் கொடுத்தார்கள். 2011-ல் மாநிலத்துக்குப் பணமுடை வந்தது. நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கட்டணத்தை, போலீஸ் செலவுக்கான மானியமாகத் திருப்பிவிட ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டம் வந்த வாரத்தில்தான், 2011 ஜூலை 1 அன்று, ஜுருபா வேலி என்று ஒரு புது நகரம் பிறந்தது. இந்தக் கட்டணத்தை நம்பித்தான் தனி நகராவதற்கு மக்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். தொட்டிலில் கிடக்கும்போதே பால் நின்றுபோன கதை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு நடையாய் நடந்தார்கள். பணத்தைத் திருப்பித் தரும் மசோதாக்களைச் சட்டசபை நிறைவேற்றியும், கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்துப் போட மறுத்தார், ஒருமுறைக்கு மேலேயே. 2014-ல் நகரத்தையே கலைத்துவிடும் வேலையை நகர மன்றம் தொடங்கியது. 2017-ல்தான் வழி பிறந்தது. ஜுருபா வேலியோடு அதே போல் அடிபட்ட இன்னும் மூன்று நகரங்களுக்கும் சேர்த்து, இழந்த வருமானம் மீண்டது.

நம் அரசியல் சட்டத்தில் வாகன வரி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உள்ளாட்சிகளுக்கான 73-ஆவது, 74-ஆவது திருத்தங்களுக்குப் பிறகு, மாநில வருவாயில் உள்ளாட்சிகளின் பங்கைப் பரிந்துரைக்க மாநில நிதிக்குழு வந்தது. தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்ற ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. வாகன வரியும் அந்தக் குவியலுக்குள் அடக்கம். பங்கு பிரிக்கும்போது பெரிய எடை மக்கள்தொகைக்கு. இங்கேதான் திருக்கடையூருக்கு இடிக்கிறது. குடியிருப்பவர் தலை எண்ணப்படுகிறது; முகூர்த்தத்துக்கு வந்து போகிறவர் தலை எண்ணப்படுவதில்லை. வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் போகிற வழியில் இங்கே இறங்குகிறவர் எத்தனை பேர்! தெருவிளக்கும் குடிதண்ணீரும் அவர்களுக்கும் சேர்த்துத்தான். யாத்திரைத் தலங்களுக்கு வந்துபோகிறவர்களின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுங்கள் என்று நிதிக்குழுவிடம் கேட்பது பேராசை ஆகாது.

யார் கேட்பது என்பதுதான் சிக்கல். ஜுருபா வேலிக்கு, "கலைத்துவிடுவோம்" என்று மிரட்டுவதற்காவது தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று இருந்தது. இங்கே 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே மாநில அரசுதான். அந்த அரசை எதிர்த்து அவர் எப்படி மனு எழுதுவார்?