வாயற்ற ஜீவன்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தானது. அவனது அருளும் சாந்தியும் நம் தலைவர் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

  

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள விடயம் மிம்பர்களில் அதிகம் பேசப்படாத ஒன்றாகும். நாய்களையும் சேவல்களையும் ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதும், வாயற்ற ஜீவன்களின் வேதனையைப் பொழுதுபோக்காக்கிக் கொள்வதும் பற்றியே பேசப்போகின்றோம். "மௌலவி அவர்களே, மனிதர்களுக்கே இரக்கம் கிடைக்காத காலத்தில் நாய்களைப் பற்றிப் பேசுவதா?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்தக் கேள்விக்கும் இவ்வுரையிலேயே விடை தேடுவோம், இன்ஷா அல்லாஹ்.

கந்தஹாரில் நடந்தது

ஆப்கானிஸ்தானில் நாய்ச் சண்டை நெடுங்காலப் பழக்கமாகும். அங்கு ஆட்டு மந்தைகளை ஓநாய்களிடமிருந்து காப்பதற்காக நாடோடி இடையர்கள் வளர்த்த பெரிய நாய்கள் இருக்கின்றன. காவலுக்காகப் படைக்கப்பட்ட அந்தப் பிராணியின் காதுகளையும் வாலையும் வெட்டி, பந்தயப் பொருளாக மைதானத்தில் இறக்கிவிடுவர். தாலிபான்கள் தமது முதல் ஆட்சிக் காலத்தில் இதனைத் தடைசெய்திருந்தனர். 2001 இல் அவ்வாட்சி வீழ்ந்த பின்னர் இப்பழக்கம் மீண்டும் தலைதூக்கியது. குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குத் தயாராக வேண்டிய வேளையில், காபூலின் வெளிப்புறங்களில் ஆண்களும் சிறுவர்களும் வட்டமாகக் கூடி நாய்கள் குதறிக்கொள்வதைப் பார்த்து ஆரவாரித்தனர்.

2008 பெப்ரவரி 17 ஆம் திகதி கந்தஹார் நகருக்கு வெளியே இவ்வாறான ஒரு நாய்ச் சண்டையைக் காணப் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. அக்கூட்டத்தின் நடுவே தற்கொலைக் குண்டு ஒன்று வெடித்தது. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய நாள்வரை அந்நாடு கண்ட மிகக் கொடிய குண்டுத் தாக்குதல்களுள் அதுவும் ஒன்று. நாய்ச் சண்டை பார்க்கச் சென்றமைக்கு அது தண்டனை என்று நாம் சொல்ல மாட்டோம். ஓர் அப்பாவியைக் கொல்வது மனித குலத்தையே கொல்வதற்கு ஒப்பானது என்று அல்குர்ஆன் போதிக்கின்றது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றாகும். முப்பது ஆண்டுகளாக மரணத்தைத் தினமும் கண்ட ஒரு சமூகம், ஓய்வு கிடைத்த நாளில் மகிழ்ச்சியைத் தேடிப் போன இடத்திலும் இரத்தமே இருந்தது. யுத்தம் வீடுகளை இடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. எதைக் கண்டு கலங்க வேண்டும், எதைக் கண்டு மகிழ வேண்டும் என்ற அளவுகோலையும் அது குழப்பிவிடுகின்றது.

நமது மண்ணிலும்

அன்பர்களே! இது தூர தேசத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். நமது நாடும் 1983 முதல் 2009 வரை யுத்தத்தில் வெந்த நாடுதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சகோதரர்கள் வீடு வாசல்களோடு தாம் வளர்த்த ஆடு மாடுகளையும் விட்டுவிட்டே வந்தனர். 2009 இல் வன்னியில் இடம்பெயர்ந்த தமிழ் மக்களுக்கும் அதே கதி நேர்ந்தது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் வீதியில் வாழும் நமக்கு, மலையகத்தின் துயரமும் கிழக்கின் துயரமும் அந்நியமானவையல்ல.

யுத்தம் முடிந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 2018 ஜூன் 21 ஆம் திகதி, கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் புகுந்தது. பலரைக் காயப்படுத்தியது. மக்களின் அச்சம் நியாயமானது. ஆயினும் அது தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டதும், அந்தக் காட்சி கையடக்கத் தொலைபேசிகளில் படமாக்கப்பட்டுப் பெருமையோடு பரப்பப்பட்டதும் நாட்டையே அதிர வைத்தன. அந்த ஊர் மக்களைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஏனெனில் மலையகத் தோட்டங்களில் நாம் வைக்கும் கம்பிச் சுருக்குகளும் இதே செயலைச் சத்தமின்றிச் செய்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில், அரிதிலும் அரிதான ஒரு கருஞ்சிறுத்தை கழுத்தில் கம்பி இறுகிய நிலையில் மீட்கப்பட்டது. சிகிச்சை அளித்தும் பலனின்றி மே 29 ஆம் திகதி இறந்தது. காட்டுப்பன்றிக்கென்று உணவுக்குள் மறைத்து வைக்கப்படும் 'ஹக்கப்பட்டாஸ்' எனும் வெடியைக் கடிக்கும் யானைக் குட்டிகள், தாடை சிதறி, உண்ணவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் துடித்து மடிகின்றன.

இவற்றையெல்லாம் விடச் சிறியதாகத் தோன்றுவது நமது சந்திகளில் நடக்கின்றது. இரு தெருநாய்கள் உறுமும்போது பிள்ளைகள் "சூ" காட்டி ஏவிவிடுகின்றார்கள். குட்டி நாயின் வாலில் பட்டாசு கட்டுகின்றார்கள். ஒருவன் படமெடுக்க, மற்றவர்கள் சிரிக்கின்றார்கள். கடைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பார்த்துவிட்டு, தேநீரைப் பருகுகின்றார்கள். கந்தஹாரின் மைதானம் இந்தச் சந்தியிலிருந்துதான் தொடங்குகின்றது.

மார்க்கத்தின் தீர்ப்பு

பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற செய்தி இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வாயிலாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அரபியில் இதற்கு 'தஹ்ரீஷ்' என்பர். இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே விமர்சனம் உண்டு. எனினும் உயிருள்ளதை வதைப்பதைக் கண்டிக்கும் ஆதாரபூர்வமான பல ஹதீஸ்கள் இதன் கருத்தை உறுதிசெய்கின்றன. ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவு கொடுக்காமலும், தானே இரை தேடிக்கொள்ள விடாமலும் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தியாகும்.

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தமது 'கவாஇதுல் அஹ்காம்' எனும் நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகின்றார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் உணவளிக்க வேண்டும். தாங்க முடியாத சுமையை ஏற்றலாகாது. முட்டியோ காயப்படுத்தியோ தீங்கு செய்யும் வேறு பிராணிகளோடு, அவை அதே இனமாயினும், சேர்த்து வைக்கலாகாது என்கின்றார்கள். காயம் நேரலாம் என்பதற்காக ஒரே பட்டியில் அடைப்பதையே தடுத்த மார்க்கம், காயப்படுத்துவதற்கென்றே மோதவிடுவதை எவ்வாறு அனுமதிக்கும்? அதனோடு பணப்பந்தயமும் சேர்ந்தால் சூதாட்டம் எனும் மற்றொரு ஹராமும் அங்கே வந்துவிடுகின்றது.

"நாய் நஜீஸ்தானே?"

இளைஞர்கள் சிலர் கேட்பதுண்டு: "நாய் நஜீஸான பிராணி, அதற்கென்ன இரக்கம்?" இங்கேதான் பெரிய தவறு நிகழ்கின்றது. நமது ஷாஃபிஈ மத்ஹபில் நாய் நஜீஸ் என்பது உண்மை. அதன் எச்சில் பட்டால் ஒரு தடவை மண் கலந்து ஏழு தடவைகள் கழுவ வேண்டும். மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் பற்றி வேறு கருத்து உண்டு. எவ்வாறாயினும் நஜீஸ் என்பது நமது உடலையும் உடையையும் தொழும் இடத்தையும் பற்றிய சட்டம். நாயின் வலியைப் பற்றிய சட்டமன்று. ஏழு தடவை கழுவச் சொன்ன அதே மார்க்கம், கல்லால் அடிக்கச் சொல்லவில்லை.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் அள்ளிக் கொடுத்த மனிதருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு வழங்கினான். இவ்வாறே நாய்க்கு நீர் புகட்டிய, ஒழுக்கம் தவறிய ஒரு பெண்ணும் மன்னிக்கப்பட்டாள். குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் அல்குர்ஆன், வாசலில் படுத்திருந்த அவர்களது நாயையும் மறக்காமல் குறிப்பிடுகின்றது. பயிற்றுவிக்கப்பட்ட நாய் பிடித்துத் தரும் வேட்டையை உண்ணவும், மந்தைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. தோட்டத்து லயங்களில் நமது அயலவர்கள் காவலுக்கு வளர்க்கும் நாயைத் துன்புறுத்துவது, அந்தப் பிராணிக்கு மட்டுமன்றி அயலவரின் உரிமைக்கும் செய்யும் அநீதியாகும். விசர்நாய் போன்று ஆபத்தானவற்றைக் கொல்ல மார்க்கம் இடமளிக்கின்றது. ஆனால் கொல்லும்போதும் வேதனையைக் குறைக்கும் அழகிய முறையையே கடைப்பிடிக்குமாறு பணிக்கின்றது. குர்பானி கொடுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொல்வதும் இதனாலேயே.

யுத்த காலத்திலும் இரக்கம்

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். மனிதர்கள் துன்பப்படும்போது மிருகங்களைப் பற்றிப் பேசலாமா?

ஹிஜ்ரி 8 இல் மக்கா வெற்றிக்காக ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கொண்ட படை சென்றுகொண்டிருந்தது. வழியில் 'அர்ஜ்' எனும் இடத்தருகே ஒரு பெண் நாய் தன் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. படையினரில் எவரும் அதற்குத் தொந்தரவு செய்யாதிருக்க, நபி (ஸல்) அவர்கள் ஜுஐல் இப்னு சுராக்கா (ரழி) எனும் தோழரைக் காவலுக்கு நிறுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் வாகிதீ தமது 'மகாஸீ' நூலில் பதிவுசெய்துள்ளார். மற்றொரு பிரயாணத்தில், தோழர்கள் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட நபியவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். இது அபூதாவூதில் உள்ளது.

ஊரை விட்டு விரட்டப்பட்ட ஒருவர், வெற்றியோடு அதே ஊருக்குத் திரும்பும் நாளில், வழியில் கிடந்த ஒரு நாய்க்குக் காவல் நிறுத்துகின்றார். அதே மனிதர்தான் மக்காவில் நுழைந்ததும் தம் எதிரிகளுக்குப் பொது மன்னிப்பும் வழங்குகின்றார். இவ்விரண்டும் ஒரே உள்ளத்திலிருந்து வந்தவை. இரக்கம் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுக்கும் அரிசியன்று; நாய்க்குக் கொடுத்தால் மனிதனுக்குக் குறைந்துவிடும் என்று அஞ்சுவதற்கு. அது பழகப் பழக வளரும். கொடுமையும் அவ்வாறே பழகப் பழக வளரும். எனவே யுத்தம் கண்ட சமூகத்துக்குத்தான் இந்த உபதேசம் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகின்றது.

பெற்றோர்களின் பொறுப்பு

பெற்றோர்களே! புகாரியில் உள்ள ஒரு சம்பவத்தைச் சற்றுச் சிந்தியுங்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் யஹ்யா இப்னு ஸஈத் என்பவரின் வீட்டுக்குச் சென்றபோது, அவரது மகன்களில் ஒருவன் ஒரு கோழியைக் கட்டிவைத்து அம்பெய்துகொண்டிருந்தான். இப்னு உமர் (ரழி) அவர்கள் சென்று கோழியை அவிழ்த்தார்கள். பின்னர் கோழியையும் அந்தச் சிறுவனையும் சேர்த்தே அழைத்து வந்து, இவ்வாறு செய்வதிலிருந்து உங்கள் பிள்ளைகளைத் தடுங்கள் என்றும், நபியவர்கள் இதனைத் தடைசெய்ததைத் தாம் செவியுற்றதாகவும் கூறினார்கள்.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலில் பிராணியை விடுவித்தார்கள். அடுத்து, சிறுவனை அடிக்கவுமில்லை, கண்டும் காணாமல் போகவுமில்லை. மூன்றாவதாக, பொறுப்பை வீட்டாரிடமே ஒப்படைத்தார்கள். நமது கடைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் செய்ய வேண்டியதும் இதுவே. அடுத்த வீட்டார் உங்கள் மகனைப் பற்றி இவ்வாறு முறையிட்டு வந்தால், "சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

இளைஞர்களே! உங்கள் தொலைபேசிக்கு ஒரு சண்டைக் காட்சி வந்தால் அதனைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். பார்ப்பவர் இல்லாவிட்டால் சண்டையும் இல்லை. மைதானத்தைச் சுற்றி நிற்பவனும் அதில் பங்காளியே. நமது நாட்டில் மிருகவதையைத் தடுக்கும் சட்டம் 1907 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆனால் அதிலிருந்த ஆகக்கூடிய அபராதம் நூற்றாண்டு கடந்தும் 100 ரூபாவாகவே இருந்தது. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய வரைவொன்றைத் தயாரித்தும், அது சட்டமாகாமல் நெடுங்காலம் இழுபட்டது. சட்டம் 100 ரூபாவோடு விட்டுவிடலாம். ஆனால் ஒரு பூனைக்காக விசாரித்த இறைவனின் நீதிமன்றம் நமக்கு முன்னால் உள்ளது.

உடல்நலக் கண்ணோட்டத்திலும் இது பாரதூரமானது. கடித்துக்கொள்ளும் நாய்களிடையே விசர்நாய்க்கடி நோய் பரவுகின்றது. பிள்ளையை நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவி, உடனடியாக அரச வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அறிகுறி தோன்றிய பின்னர் அந்நோயிலிருந்து மீள்வது அரிது. உங்கள் பகுதிக்குத் தடுப்பூசிக் குழு வரும் நாளை, சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் விசாரித்து அயலவர்களுக்கும் அறிவியுங்கள். மஸ்ஜித் வாசலில் நாய் படுத்திருந்தால் விரட்டுவதற்குக் கல் தேவையில்லை. தூரத்தில் ஓரிடத்தில் ஒரு சிரட்டை நீரும் மிகுதிச் சோறும் வைத்தால் அது அங்கே போய்விடும். அதற்கும் கூலி உண்டு.

யா அல்லாஹ்! யுத்தத்தின் வடுக்களை எங்கள் உள்ளங்களிலிருந்து அகற்றுவாயாக! எங்கள் பிள்ளைகளைப் பிறர் வேதனையில் மகிழாதவர்களாக ஆக்குவாயாக! பேச வாயற்ற ஜீவன்கள் மறுமையில் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்க அருள்புரிவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.